மூன்று வயதில் முடிந்துவிடும் போட்டி

பட்டாசுத் தொழிலாளியின் ஆண்டு தீபாவளியோடு முடிகிறது. போனஸ் வாங்கி, கடனை அடைத்து, பிள்ளைகளுக்குத் துணி எடுத்து, சில வாரம் வேலையில்லாமல் இருந்து, கார்த்திகைக்குப் பிறகு மறுபடியும் கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஜூனில்தான் ஆண்டுப் பிறப்பு. அட்மிஷன் என்றால் மார்ச், ஏப்ரல். போனஸ் கரைந்து நாலைந்து மாதமாகி, வாரச் சம்பளம் மட்டுமே கையில் புழங்கும் அந்தச் சமயத்தில்தான் தாயில்பட்டியிலிருந்தும் விஜயகரிசல்குளத்திலிருந்தும் ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் பெற்றோர்கள் எல்கேஜி சீட் கேட்டுச் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் போகிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள், குழு லோன் எடுக்கிறார்கள், கம்பெனியில் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

இதை ஆங்கில மோகம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டாரத்தின் கடந்த நாற்பது ஆண்டுகளை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1980களில் இதே கரிசல் காட்டுச் சாலைகளில் விடியும் முன்னே வேன்கள் வந்து நின்றன. தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் போயின. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் இங்கே வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அன்று அந்த வேனில் ஏறிய பிள்ளைகளில் பலர் இன்று பெற்றோர்கள், தாத்தா பாட்டிகள். காலை ஏழரை மணிக்கு ஊர் விலக்கில் போய் நின்றால் கம்பெனி வேனும் பள்ளி வேனும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். தூக்குவாளியோடு நிற்கும் தாய் முதலில் பிள்ளையை ஒன்றில் ஏற்றிவிட்டு, பிறகு தான் மற்றொன்றில் ஏறுகிறாள். தன் பிள்ளை அந்தக் கம்பெனி வேனில் எந்நாளும் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் அவள் கட்டணம் கட்டுகிறாள். 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சன்குளம், 2024இல் இராமுதேவன்பட்டி என்று வெடி விபத்துகளை அடுக்கிச் சொல்லும் ஊரில் அந்த நினைப்பைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

தனியார் பள்ளி அவளுக்குத் தருவது என்ன? ஆங்கிலம் என்று அவளே சொல்வாள். ஆனால் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி இருக்கிறது. அதற்காகக் கூட்டம் திரும்பி வந்துவிடவில்லை. என் கணிப்பில், அவள் காசு கொடுத்து வாங்குவதில் முதலாவது நேரம். அவள் வேலைக்குக் கிளம்பும் முன்பே பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறது, அவள் திரும்பும் நேரத்தை ஒட்டி வேன் கொண்டுவந்து இறக்குகிறது. இரண்டாவது, பிள்ளை ஒருநாள் வராவிட்டால் ஒரு டீச்சர் போன் பண்ணிக் கேட்கிறார். மூன்றாவது, மூன்று வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். இவை மூன்றும் உண்மையான சேவைகள். அவற்றை நல்லபடியாகச் செய்கிற பள்ளிகளின் உழைப்பை மறைக்கத் தேவையில்லை. அந்தச் சேவையின் பெரும் பங்கு பி.எட். படித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் நிற்கும் பெண்களின் தோளில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போட்டி என்கிற சொல்லுக்கு இங்கே இரண்டு முகம். தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள் இருக்கின்றன. பிறப்பு விகிதமோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அதனால் சிறு நர்சரி பள்ளிகள் பிள்ளை தேடி அலைகின்றன. ஏப்ரல் வெயிலில் நோட்டீஸ் கட்டோடு தெருத்தெருவாக டீச்சர்கள் வருகிறார்கள். இத்தனை பிள்ளை சேர்த்தாக வேண்டும் என்று அவர்களுக்கு இலக்கு வைத்து அனுப்புகிறார்கள். அதே மாதத்தில், 2021இல் மாநகராட்சியாகிவிட்ட சிவகாசியில் பேர்பெற்ற நாலைந்து பள்ளிகளின் வாசலில் சிபாரிசுக் கடிதத்தோடு கூட்டம் நிற்கிறது. 2011 ஆகஸ்டில் சமச்சீர் கல்விக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகு, மெட்ரிக் பாடத்திட்டம் என்ற தனி அந்தஸ்து போய்விட்டது. வசதியுள்ளவர்கள் சிபிஎஸ்இ பக்கம் நகர்ந்தார்கள், அவர்கள் காலி செய்த மெட்ரிக் இடங்களுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. ஒவ்வொரு படியிலும் இருப்பவர் மேல் படியைப் பார்த்து ஏறுகிறார். கடைசிப் படியாக நிற்பது ஊர்ப் பள்ளி.

பேர்பெற்ற பள்ளியின் வாசலில் நடக்கும் தேர்வில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. அங்கே தேர்ந்தெடுக்கப்படுவது குழந்தை அல்ல, பெற்றோர். மூன்று வயதுப் பிள்ளையிடம் எதைச் சோதிக்க முடியும்? அதனால் அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா வீட்டில் சொல்லிக்கொடுப்பாரா, கட்டணத்தை ஒரே தவணையில் கட்டுவீர்களா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லக்கூடிய குடும்பத்துப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்துவிடும். பத்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை ஃபிளெக்ஸில் போட்டுப் பள்ளி பெருமை கொண்டாடுகிறது. அந்தப் பெருமையில் வீட்டின் பங்கு எவ்வளவு, வகுப்பறையின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கல்வி உரிமைச் சட்டம், 2009 இதைத் தடுக்கவில்லையா? 13ஆம் பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்த்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தை என்றால் 6 வயது முதல் 14 வயது வரைதான். 2002இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 21-ஏ பிரிவும் அதே வயதைத்தான் சொல்கிறது. 6 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவின் நல்வாக்கு மட்டுமே உண்டு, உரிமை கிடையாது. போட்டி நடப்பதோ எல்கேஜியில்.

கட்டணத்தின் கதையும் இதை ஒட்டியதுதான். தமிழ்நாடு 2009இலேயே கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. நீதிபதி கோவிந்தராஜன் குழு 2010இல் பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயித்தபோது மாநிலமே அதைப் பற்றிப் பேசியது. குழு இன்றும் இருக்கிறது. ஆனால் வாரச் சம்பளக்காரரின் சிக்கல், தொகை எவ்வளவு என்பதோடு முடிவதில்லை. அது எந்த நாளில் கேட்கப்படுகிறது என்பதும் அவருக்குப் பெரிய சிக்கல். மழை பெய்தால் மருந்து காயாது, வேலை இல்லை. 2018 அக்டோபரில் பட்டாசு மருந்தில் சேரும் பேரியம் குறித்த உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு டெர்ம் ஃபீஸ் கட்டும் தேதிக்கு வீட்டில் சம்பளமே இல்லை. கட்டணம் பாக்கி என்று பரீட்சை நேரத்தில் பிள்ளையை எழுப்பி நிறுத்துவதும், டிசி தர மறுப்பதும் இப்படிப்பட்ட பருவங்களில்தான் நடக்கின்றன. ஊரின் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்த பள்ளி நிர்வாகங்கள் மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்கின்றன. அதை எல்லாப் பள்ளிக்கும் விதியாக்குவதில் என்ன தடை என்று புரியவில்லை.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைக்காக 25 விழுக்காடு இடம் ஒதுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2013-14 முதல் நடக்கிறது. இ-சேவை மையத்தில் பதிந்து, வருமானச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஏற்றி, விண்ணப்பம் இடங்களைவிடக் கூடினால் பள்ளியிலேயே குலுக்கல். நான் இந்தக் குலுக்கலை மதிக்கிறேன். சேர்க்கை என்கிற இந்த நீண்ட சடங்கில் பெற்றோரின் சட்டையைப் பார்க்காத நிமிடம் அது ஒன்றுதான். சிலி நாடு 2015இல் ஒரு சட்டமே இயற்றி, அரசுப் பணம் பெறும் பள்ளிகள் மாணவரைப் பொறுக்கி எடுப்பதை நிறுத்தியது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் அங்கேயும் குலுக்கல் போன்ற ஏற்பாடுதான். நேர்மையான சேர்க்கைக்கு உலகம் கண்ட வழி ஏறத்தாழ இது ஒன்றே.

ஆனால் வெம்பக்கோட்டையின் உட்கிராமத்துக்கு இந்த வழி பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வீடு இருக்க வேண்டும் என்பது விதி. சிவகாசி நகரத்துக்குள் அது நியாயமான விதி. காட்டுக்குள் ஆலைகளும் ஆலைகளைச் சுற்றிச் சிற்றூர்களும் சிதறிக் கிடக்கிற பகுதியில், ஒரு கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளி இருக்கும்? வேனில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகிற பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை, பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைக்கு உண்டு. கல்விக் கட்டணத்தை அரசு கொடுத்தாலும் புத்தகம், சீருடை, வேன் என்று தனித்தனியே கேட்கிற பள்ளிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு அரசு கொடுக்கும் கட்டணமும் நின்றுவிடுகிறது. பதினான்கு வயதில், ஒன்பதாம் வகுப்பு வாசலில், முழுக் கட்டணம் முன்னால் வந்து நிற்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 18 வயது வரை ஆபத்தான தொழிலில் யாரையும் வைக்கக்கூடாது என்பது சட்டம்தான். ஆனாலும் படிப்புக்கும் வேலைக்கும் இடையே குடும்பம் மிகவும் தத்தளிக்கிற வயது அது.

2025இல் நடந்தது இன்னும் வேதனை. தேசியக் கல்விக் கொள்கைப் பிணக்கில் இந்த ஒதுக்கீட்டுக்கும் பணம் வரும் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 2024-25க்கு மட்டும் 2,152 கோடி ரூபாய் என்றது மாநில அரசு. கோடையில் திறக்க வேண்டிய 25 விழுக்காட்டுச் சேர்க்கை, வழக்குகளுக்குப் பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. ஜூனில் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டவர்களுக்கே அது பெரிதும் உதவியது. அந்தக் கடனும் கிடைக்காதவர்கள் மே மாதத்திலேயே விலகிப் போயிருந்தார்கள். இரு அரசுகளின் வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று வாதிடலாம். எல்கேஜிக்குரிய வயதை அந்தப் பிள்ளை திரும்ப அடையாது.

இந்த முறையின் மீது எனக்குள்ள அடிப்படை விமர்சனம் இதுதான்: மூன்று வயதுப் பிள்ளையை எல்கேஜியில் படிக்க வைக்க அரசு தனியார் பள்ளிக்குப் பணம் கொடுக்கிறது, ஆனால் தன் சொந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் எல்கேஜி வைக்கவில்லை. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது நம்பிக்கை பிறந்தது. மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் 37,000க்கு மேல். 2022 ஜூனில் அந்தக் கொஞ்ச வகுப்புகளையும் அங்கன்வாடிக்கே திருப்பிவிடும் முடிவு வந்து, எதிர்ப்பு எழுந்து, பிறகு தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கன்வாடியில் சோறும் பராமரிப்பும் உண்டு. ஆனால் நோட்டும் பாட்டும் சீருடையும் கொண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும் தாய்க்கு அது பள்ளிக்கூடமாகத் தெரிவதில்லை. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், சீக்கிரம் வேலைக்குப் போகும் தாய்க்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அதுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி கதவைத் திறக்கும்போது அந்தப் பிள்ளை வேனுக்கும் மிஸ்ஸுக்கும் பழகி இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். 2025 ஆகஸ்டில் மாநிலத்தில் 200க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை என்ற செய்தி வந்தபோது பிறப்பு விகிதத்தையும் இடப்பெயர்வையும் காரணம் காட்டினார்கள். இரண்டும் உண்மை. எல்கேஜி இல்லாததும் அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் போய்விட்ட பிறகு ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வராததைக் கேட்கவும் ஆள் இருப்பதில்லை. தனியார் சேர்க்கை செய்கிற ஆகப் பெரிய சேதம் இது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காகப் பெற்றோரிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது சரியல்ல. இது பிடி அரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய மாவட்டம். அப்படி நடந்த விருதுநகர்ப் பள்ளியில் படித்த காமராஜர்தான் பிறகு ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் போட்டார். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்ததும் இந்த மாவட்டமே. படிப்பின் அருமை இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வழி இருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் அவர்களின் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை வைப்பது ஆபத்து. ஆனால் அந்தப் பொறுப்பை ஊருக்குள் கொண்டுவரலாம். ஆலைகள் தங்கள் பங்கை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கட்டட்டும். அரசு அங்கே எல்கேஜி, யுகேஜிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரை நியமிக்கட்டும். காலை உணவை அந்த இரு வகுப்புக்கும் நீட்டி, கம்பெனி வேன் திரும்பும் வரை மாலையில் பள்ளியைத் திறந்து வைக்கட்டும். வெம்பக்கோட்டை ஒன்றியத்தில், ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இல்லாத ஊர்களிலிருந்து இதைத் தொடங்கலாம். 25 விழுக்காடு விதி எட்டிப் பார்க்காத ஊர்களும் அவைதான்.