கேதீச்சரப் பதிகமும் மாதோட்டத் துறைமுகமும்

திருக்கேதீச்சரத்தைப் பற்றி நம்மிடையே வெளிவரும் தலயாத்திரைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பாலாவித் தீர்த்தம், கேதுவின் வழிபாடு, சம்பந்தர் சுந்தரர் பதிகங்கள், பறங்கியரின் இடிப்பு, 1872இல் நாவலர் விடுத்த அறைகூவல், 2022இல் நிகழ்ந்த குடமுழுக்கு என்ற அளவில் அவை முடிந்துவிடுகின்றன. இவற்றில் உழைக்கும் மனிதர் எங்கே என்பதே நம் கேள்வி.

சுந்தரர் பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் பாடும் மாதோட்டத்துக் கடலில் மரக்கலங்கள் மலிந்து நிற்கின்றன. இராமேசுவரத்தில் நின்றே அவர் இதனைப் பாடினார் என்பது மரபு. அக்கரையில் நின்ற புலவருக்கும் இவ்வூர் என்றதும் கப்பல்கள் நினைவுக்கு வந்தன. வகுப்பறையில் நாமோ அவற்றை வெறும் வருணனை என்று ஒதுக்கிவிட்டுப் பக்திச்சுவையை மட்டும் விளக்குகிறோம். இது புலவரைக் குறைத்துப் படிப்பதாகும்.

மாதோட்டம் அநுராதபுர அரசின் கடல்வாயிலாக விளங்கியது. 1980களின் முற்பகுதியில் மாந்தையில் நடந்த அகழாய்வில் சீன, மேற்காசிய மட்கலங்களின் சிதைவுகள் கிடைத்தன. இராசராச சோழன் காலத்தில் தாழி குமரன் என்பான் இங்கே இராசராச ஈச்சரம் என்னும் கற்கோயிலை எடுத்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. எடுத்தவன் பெயர் நின்றது. கல்லைப் பிளந்தவரும் சுமந்தவரும், அக்கப்பல்களில் துடுப்பு வலித்தவரும் பெயரற்றுப் போயினர். தலபுராண நோக்கு அவர்களை இன்றும் பெயரற்றவராகவே வைத்திருக்கிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டுச் சிவராத்திரிக்கு முன்னாள், கோயிலுக்குச் செல்லும் வழியில் எழுப்பிய ஒரு வளைவை முன்னிட்டுச் சைவரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டனர். இரு சாராரும் ஒரே மண்ணில், ஒரே கடலை நம்பி வாழும் எளிய மக்கள். மடுமாதாவின் திருவுருவமும், ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்கு அஞ்சி, 1670இல் மாந்தையிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டதென வழங்குகின்றனர். இரண்டு வழிபாட்டு மரபுகளும் அந்நிய ஆட்சியின் அடியைத் தாங்கியவை. இரண்டும் ஒரே துறைமுகத்தின் பிள்ளைகள். பழம்பாடலை நிலவுறுதிப் பத்திரமாக்கிப் படித்தால் இவ்வுறவு கண்ணுக்குத் தெரியாது.

ஆசிரிய நண்பர்கள் மாணவரை அங்கே அழைத்துச் செல்லட்டும். கோபுரத்தைக் காட்டிய பின், மாந்தைத் திடலையும் காட்டட்டும். பதிகத்தில் வரும் அக்கப்பல்கள் யாருடையவை, அவற்றில் சரக்கேற்றியவர் யாவர் என்று மாணவர் கேட்பாராயின், பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது.