பெயர் சொல்லாத ஒரு பாட்டு

அயர்லாந்தின் யூ2 ரொக் இசைக்குழுவுடைய 'சன்டே ப்ளடி சன்டே' பாட்டை நான் முதலில் கேட்டது ஒரு பழைய கசட்டில். அப்ப எனக்கு விளங்கினது அதன் ட்ரம் மட்டும்தான். படையினர் வரிசையாக நடந்து வாறது போல ஓர் அடி. சொற்கள் விளங்கியபோது ஒரு சந்தேகமும் கூடவே வந்தது: இதில் கொன்றவன் யார் என்று ஏன் இல்லை?

1972 ஜனவரி 30இல், வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் சிவில் உரிமை ஊர்வலம் போனவர்கள்மீது பிரித்தானிய பரசூட் படையினர் சுட்டனர். அன்றே 13 பேர் இறந்தனர். காயப்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். அதே ஆண்டின் விட்ஜரி அறிக்கை பழியைப் படையினரிடமிருந்து பெரும்பாலும் விலக்கிவிட்டது. 1983இல் 'வார்' இசைத்தட்டில் வந்த பாட்டும் சுட்ட படையின் பெயரைச் சொல்லவில்லை. கிதார் கலைஞர் எட்ஜின் முதல் வரைவு, ஐ.ஆர்.ஏ., யூ.டி.ஏ. ஆகிய ஆயுதக் குழுக்களைப் பெயர் சொல்லிச் சாடித்தான் தொடங்கியது. அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். எஞ்சியது செய்தியைக் கேட்டு நம்ப முடியாமல் நிற்கிற ஒருவனின் குரல்.

இரண்டு பக்கத்துத் துவக்குகளுக்கும் நடுவில் கிடந்த ஊரில் வளர்ந்தவன் நான். பெயர் சொல்லாமல் விடுவதற்குப் பயமும் காரணமாகலாம், நழுவலும் காரணமாகலாம். யூ2வுடையது எது?

1983இன் மேடைப் பதிவுகளில் பாடகர் பொனோ வெள்ளைக் கொடியோடு நிற்கிறார். இது கிளர்ச்சிப் பாட்டில்லை என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். இப்படி முன்னுரை தேவைப்படுகிற பாட்டு தன் காலில் நிற்கவில்லை என்றே எனக்குப் பட்டது.

1987 நவம்பர் 8இல் எனிஸ்கிலன் நகரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரக் கூடியவர்கள்மீது ஐ.ஆர்.ஏ.யின் குண்டு வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்றிரவு அமெரிக்காவின் டென்வரில் பாடிய பொனோ, பாட்டை நடுவில் நிறுத்தி, தூரத்திலிருந்து புரட்சியைப் புகழும் ஐரிஷ் அமெரிக்கர்கள்மீது கொதிக்கிறார். 'ரட்டில் அன்ட் ஹம்' படத்தில் அதைப் பார்க்கலாம். நியாயமான கோபம், அந்த இரவில் வேறு எதைப் பேசுவது? ஆனால் படையினர் கொன்றவர்களுக்கான பாட்டு, ஐ.ஆர்.ஏ. கொன்றவர்களுக்காகத்தான் முதல்முறை வாய்திறந்து குற்றம் சாட்டியது. டெர்ரிக்காரர் ஒருவர் இதை எப்படிக் கேட்டிருப்பார் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

1997 செப்டெம்பர் 23, சரயேவோ. முற்றுகையில் கிடந்து மீண்ட நகரம். பொனோவுக்குக் குரல் அடைத்துப்போயிருந்தது. எட்ஜ் தனியே கிதாரோடு நின்று மெதுவாக இந்தப் பாட்டைப் பாடுகிறார். ட்ரம் இல்லை, கொடி இல்லை, முன்னுரையும் இல்லை. கேட்டுப் பாருங்க. இவ்வளவு காலமும் அந்த அடியில் நாம் கேட்டது சுட்டவர்களின் காலடியை. அதை எடுத்துவிட்டால் ஊர்வலம் போய் வீடு திரும்பாதவர்களின் ஆட்கள்தான் மிஞ்சுகிறார்கள். அங்கு கூடியிருந்தவர்களுக்கு யார் சுட்டது என்று எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெயர் சொல்லாதது அந்த ஒரு பதிவில் நழுவலாகத் தெரியவில்லை. எட்ஜின் குரல் பெரிய குரலுமில்லை. அதுவே நல்லதாய்ப் போச்சு.

2010 ஜூன் 15இல் சேவில் அறிக்கை வந்தது. சுடப்பட்டவர்கள் ஆபத்தாக இருக்கவில்லை என்றது. பிரதமர் கமரூன் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை அரசாங்கத்தின் வாயாலேயே வந்த பிறகு, 2023இன் 'சோங்ஸ் ஒப் சரண்டர்' தொகுப்பில் யூ2 பாட்டின் கடைசிப் பகுதியை மாற்றி எழுதியது. இப்பவாவது பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மாறியது வேறொன்று: இயேசு ஈட்டிய வெற்றியைக் கைப்பற்ற அழைத்த இடத்தில், அந்த வெற்றி எங்கே என்று கேட்கிறார்கள். 22 வயதில் உறுதியாகப் பாடியதை 62 வயதில் பொனோ கேள்வியாக்கியிருக்கிறார். குரலும் இறங்கியிருக்கிறது. கொடி பிடித்த இளைஞனைவிட இந்தக் கிழவனை நான் நம்புகிறேன். என்றாலும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது சரயேவோவைத்தான்.