கத்தி எப்போது கைமாறுகிறது?

இடுப்பு முறிந்த முதியவருக்குத் தொடை எலும்பின் தலைக்குள் ஒரு பெரிய திருகைச் செலுத்தி முறிவை நிலைநிறுத்துவது எலும்பு அறுவை மருத்துவத்தில் அன்றாட வேலை. திருகின் நுனி எலும்புத் தலையின் நடுவில், உச்சிக்கு மிக அருகே போய் நிற்க வேண்டும். விலகி நின்றால், நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியதும் அது மெலிந்த எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மறுபடியும் தியேட்டர், மறுபடியும் மயக்கமருந்து. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பாம்கார்ட்னரும் அவர் குழுவினரும் 1995-இல் இதற்கு ஓர் அளவு சொன்னார்கள். நேராக எடுத்த எக்ஸ்ரே, பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே இரண்டிலும் நுனிக்கும் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அந்த அளவை மனத்தில் வைத்துச் செய்த அறுவைகளில் திருகு இன்னும் சரியான இடத்தில் நின்றது, கிழித்துக்கொண்டு வருவது குறைந்தது என்று 1997-இல் அடுத்த ஆய்வும் காட்டியது.

கையின் வேலையை இவ்வளவு துல்லியமாக அளக்க முடிகிற துறைகள் மருத்துவத்தில் குறைவு. செய்த வேலை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறது, மறைக்க வழியில்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் எலும்பு அறுவை மருத்துவரை உருவாக்கும் ஐந்தாண்டு ரெசிடென்சி, நெடுங்காலமாக வேறு எதையெதையோ எண்ணிக்கொண்டிருந்தது: ஆண்டுகளை, வேலை நேரத்தை, அறுவைகளின் எண்ணிக்கையை, தேர்வு மதிப்பெண்ணை.

அந்தப் பயிற்சியின் பலத்தை முதலில் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் எம்.எஸ். ஆர்த்தோ மூன்று ஆண்டு, அங்கே ஐந்து. முதலாண்டு ரெசிடென்ட் அவசரப் பிரிவில் மணிக்கட்டு முறிவை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போடுகிறார். ஐந்தாமாண்டில் தலைமை ரெசிடென்டாகி, இளையவர்களுக்கு அதையே சொல்லித் தருகிறார். இடைப்பட்ட காலத்தில் பொறுப்பு படிப்படியாகக் கைக்கு வருகிறது. முந்தைய இரவு வந்த முறிவுகளின் எக்ஸ்ரேக்கள் காலைக் கூட்டத்தில் திரையில் ஏறும்போது, ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்ற கேள்விக்கு எல்லார் முன்னும் பதில் சொல்லியாக வேண்டும். 1963 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சிக்காலத் தேர்வு, அமெரிக்க மருத்துவத் துறைகளிலேயே முன்னோடி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாய்மொழித் தேர்வு. பயிற்சி முடித்துத் தனியாகத் தொழில் செய்யத் தொடங்கியபின், ஆறு மாதத்தில் தான் செய்த அத்தனை அறுவைகளின் பட்டியலையும் மருத்துவர், சான்று வழங்கும் வாரியத்திடம் ஒப்படைக்கிறார். அதிலிருந்து 12 நோயாளிகளை வாரியம் தேர்ந்தெடுக்கிறது. எக்ஸ்ரேக்களோடும் குறிப்புகளோடும் போய் ஒவ்வொரு முடிவுக்கும் அவர் விளக்கம் தர வேண்டும். சொந்த நோயாளியை வைத்தே கேள்வி கேட்கும் இந்த முறை மிக நேர்மையான தேர்வு என்பதில் ஐயமில்லை.

இதன் வேர் பாஸ்டனில் இருக்கிறது. தோள்பட்டை நோய்களில் வல்லவரான எர்னஸ்ட் காட்மன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து அறுவையின் இறுதி விளைவைப் பதிவு செய்ய வேண்டும், தவறுகளை வெளியிட வேண்டும் என்று வாதாடினார். சக மருத்துவர்கள் அவரை விரும்பவில்லை. 1911-இல் தானே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கி, தன் பிழைகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். இன்று பயிற்சி மருத்துவமனைகளில் நடக்கும் சிக்கல்–மரண ஆய்வுக் கூட்டங்களில் அவருடைய பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ரெசிடென்சி என்ற ஏற்பாட்டுக்கு மூலவர் இன்னொருவர். பால்டிமோரில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் ஜெர்மானிய முறையைத் தழுவி அதை வகுத்தார். பயிற்சியாளர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்தார்கள். எத்தனை ஆண்டு என்ற கணக்குக் கிடையாது. ஆசிரியர் போதும் என்று சொல்லும்வரை இருக்க வேண்டும். கீழே பலர் நுழைவார்கள், உச்சியில் ஒருவர் மிஞ்சுவார். கொக்கைனின் மரத்துப்போகச் செய்யும் குணத்தைத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையான ஹால்ஸ்டெட், பிறகு வாழ்நாள் முழுக்க மார்ஃபினை விட முடியாமல் தவித்தவர். அவரை இழித்துப் பேச இதைச் சொல்லவில்லை. உறக்கத்தையும் குடும்பத்தையும் விட்டுக்கொடுப்பதே அர்ப்பணிப்பு என்ற எண்ணம், தன் உடம்பைப் பேண முடியாமல் போன ஒரு மேதையின் நிழலில் வளர்ந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த எண்ணத்துக்கு 1984-இல் அடி விழுந்தது. நியூயார்க்கில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 18 வயதுப் பெண் ஒரே இரவில் இறந்துபோனார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட நேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-இல் அது நாடு முழுவதற்கும் விதியானது. 2011-இல் முதலாண்டினர் ஒரே மூச்சில் 16 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது என்று இன்னும் இறுக்கினார்கள். 2017-இல் அதைத் தளர்த்தி 24 மணி நேரமாக்கினார்கள்.

மூத்த எலும்பு மருத்துவர்கள் இந்த வரம்புகளை எதிர்த்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்த இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து அவனுக்கு உண்டு. சில மணி நேரத்துக்குள் உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்காவிட்டால் தசை செத்துவிடும், கால் ஊனமாகும். இதைக் கண்டுபிடிக்க ஒரே கண் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு இருந்த வலி இரண்டு மணிக்குக் கூடியிருக்கிறதா, விரலை மடக்கி நீட்டும்போது துடிக்கிறானா என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கைமாற்றுவது கடினம். நடு இரவில் டியூட்டி மாறும்போது நழுவிப்போவது இதுதான்.

ஆனால் நேரக் குறைப்பால் மருத்துவர்கள் அரைகுறையாக உருவாகிறார்கள் என்ற பெரிய புகாருக்குச் சான்று வலுவாக இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பொது அறுவைத் துறையின் 117 பயிற்சித் திட்டங்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. ஒரு பிரிவுக்குக் கண்டிப்பான நேர விதிகள்; மற்றதற்கு 80 மணி நேரத்துக்குள்ளேயே நெகிழ்வான நேரம். நோயாளிகளின் இறப்பிலும் கடுமையான சிக்கல்களிலும் வேறுபாடு தெரியவில்லை. எனவே குறை நேரத்தில் இருக்கிறது என்று சொல்வது கடினம். தியேட்டருக்குள் கத்தியை யார் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அங்கே நடந்த மாற்றத்தைப் பலர் பேசுவதில்லை. 1996 முதல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், அறுவையின் முக்கியக் கட்டத்தில் மூத்த மருத்துவர் கூடவே இருந்தால்தான் அவருக்குக் கட்டணம் தரும் என்று கண்டிப்பானது. நோயாளியைக் காக்கும் நல்ல விதி இது. அதன் பக்கவிளைவாக, மேற்பார்வையின்றித் தானே முடிவெடுக்கும் வாய்ப்பு ரெசிடென்டுக்குச் சுருங்கியது. மறுபக்கமும் உண்டு. ஒரே மூத்த மருத்துவர் ஒரே நேரத்தில் இரண்டு தியேட்டர்களில் அறுவை நடத்தியதைப் பாஸ்டன் குளோப் நாளிதழ் 2015-இல் விரிவாக வெளியிட்டது. எலும்பு அறுவையில் நடந்ததுதான் அந்தச் செய்தியின் மையம். தன்னை எவர் அறுத்தார் என்று தெரியாத நோயாளிகள் கொதித்தார்கள். ஓரிடத்தில் கத்தி கைக்கே வருவதில்லை. இன்னோரிடத்தில் கேட்பாரற்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில், பக்கத்தில் ஆசிரியர் நிற்க ரெசிடென்ட் முழு அறுவையையும் தானே செய்யும் நேரமே பயிற்சியின் உயிர்.

அந்த நேரத்தை எண்ணிக்கைகள் காட்டுவதில்லை. இடுப்பு மூட்டு மாற்று 30, முழங்கால் மூட்டு மாற்று 30, முன் குறுக்குத் தசைநார்ச் சீரமைப்பு 10, முழங்கைக்கு மேல் முறிந்த குழந்தைகளுக்குக் கம்பி செருகுவது 5 என்று குறைந்தபட்சப் பட்டியல் இருக்கிறது. குழந்தையின் முழங்கையில் தமனியும் நரம்பும் முறிவின் ஓரத்திலேயே ஓடுகின்றன. ஐந்து என்ற எண், கம்பியைச் செலுத்தியது எவர் விரல் என்று சொல்லாது. ஐந்தாண்டு முடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலும் ஓராண்டு ஃபெல்லோஷிப் தேடிப் போகிறார்கள். சிறப்புத் துறை ஆசை ஒரு காரணம். தனியே நிற்கும் தைரியம் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கவலைப்பட இடமிருக்கிறது.

டொரோண்டோ பல்கலைக்கழகம் 2009-இல் வேறு வழியை முயன்றது. ஆண்டுக்கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் திறமை காட்டியபின் அடுத்ததற்குச் செல்லலாம் என்றது. சிலர் ஐந்தாண்டுக்கு முன்பே முடித்தார்கள். 2013-இல் அமெரிக்காவும் முதலாண்டிலேயே செயற்கை எலும்பில் துளையிடுவது போன்ற செயல்திறன் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஒட்டாவாவில் உருவான இன்னோர் அளவுகோல் இதைவிட எளியது. அறுவை முடிந்ததும் ஆசிரியர் ஐந்து புள்ளிக்கு மதிப்பிடுகிறார். நானே செய்ய வேண்டியிருந்தது என்றால் 1, நான் இருந்திருக்கவே வேண்டாம் என்றால் 5. இதையொட்டிய மதிப்பீட்டை அமெரிக்க வாரியமும் எடுத்துக்கொண்டுவிட்டது. இத்தனை தாமதமாக வந்ததுதான் வருத்தம்.

இந்த மதிப்பீட்டுப் பதிவு இன்னொரு பழைய குறைக்கும் வெளிச்சம் தரும். டல்லஸில் தொழில் செய்த ரூத் ஜாக்சன் 1937-இல் வாரியத் தேர்வில் தேறிய முதல் பெண். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழிந்தும் எலும்பு அறுவைப் பயிற்சியில் பெண்கள் கால் பங்கைக்கூட எட்டவில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளிலோ 2019 முதல் பெண்களே பாதிக்கு மேல். எலும்பைப் பிடித்து இழுக்க ஆண் பலம் வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மின்விசை டிரில், இழுவை மேசை, சரியான நெம்பு கோணம் ஆகியவை கையில் இருக்கும் காலத்தில் அந்தப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை. நுழைந்த பெண்ணுக்கும், நிறவேறுபாட்டால் ஒதுக்கப்பட்டு வந்தவருக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே மாதத்தில் அதே அறுவையில் கத்தி கிடைக்கிறதா என்பதை ஆண்டு இறுதி மதிப்பெண் சொல்லப்போவதில்லை. ஒவ்வோர் அறுவைக்கும் எழுதப்படும் அந்த ஒன்று முதல் ஐந்து வரையான எண்களை ஆசிரியர்வாரியாக, ரெசிடென்ட்வாரியாகத் தொகுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் அந்தத் தொகுப்பை ஆண்டுதோறும் தன் ரெசிடென்டுகள் முன் வைக்க வேண்டும்.