கடைமடைக்கு நீர் எட்டுகிறதா? - நானோ மின்னணுவியல் பொது ஆய்வுக்கூடங்கள் பற்றி ஒரு திறனாய்வு

தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இன்றைய மின்னணுவியல் ஆராய்ச்சியாளர் சிலிக்கன் தகட்டின் மீது வரைய விரும்பும் கோட்டின் அகலமோ 20 அல்லது 30 நானோமீட்டர்தான். உங்கள் ஊர்க் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இக்கோட்டை வரைய முடியுமா? முடியாது. அங்கே பணிபுரியும் விரிவுரையாளருக்கு எவ்வளவு சிறந்த கருத்துத் தோன்றினாலும், அதைச் செய்து பார்க்க வழியில்லை. இத்தடையை நீக்க எழுந்ததே 'பொது ஆய்வுக்கூடம்' என்னும் ஏற்பாடு. நம் நாட்டில் இது 2008-ஆம் ஆண்டில் ஓர் அரசுத் திட்டமாக உருப்பெற்றது. அத்திட்டத்தின் நிறை என்ன, குறை என்ன என்பதை இங்கு ஆராய்வோம்.

ஊருக்கு ஒன்று ஏன் இயலாது?

நுண்ணிய மின்னணுச் சாதனங்களைச் செய்யும் இடத்திற்குத் தூய அறை என்று பெயர். சாதாரண அறையில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் பருமனுள்ள தூசித் துகள்கள் இலட்சக்கணக்கில் மிதக்கின்றன. 'நூறாம் தர'த் தூய அறையில் இவை 100-க்கு மேல் இருத்தலாகாது. 30 நானோமீட்டர்க் கோட்டின் மீது அரை மைக்ரான் துகள் விழுவது, ஒற்றையடிப் பாதையில் பெரும்பாறை உருண்டு விழுவதற்கு ஒப்பாகும். பாதையே மறைந்துவிடும்.

இந்தத் தூய்மையைக் காக்கக் காற்று வடிகட்டிகள் இரவும் பகலும் ஓட வேண்டும். ஆராய்ச்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் மின்செலவு உண்டு. மிகத் தூய நீர் வேண்டும். காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் சிலேன், கொடிய நஞ்சான பாஸ்பீன் போன்ற வாயுக்களைக் கையாளப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும். எலெக்ட்ரான் கற்றையால் கோடு வரையும் எந்திரம் ஒன்றே பல கோடி ரூபாய் விலையுள்ளது. ஆகவே எந்த நாடாயினும் இத்தகைய கூடங்களைச் சில இடங்களில்தான் அமைக்க முடியும். அங்ஙனம் அமைத்ததைப் பலரும் எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது என்பதே கேள்வி.

பகிர்விலும் மூவகை உண்டு

1970-களில் நம் அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டார நுண்கருவி மையங்களை நிறுவியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் ஒன்று அமைந்தது. ஒரு பொருளைச் சிறு புட்டியில் இட்டு அனுப்பினால், அதன் அமைப்பைக் காட்டும் அளவீடு திரும்பி வரும். இது முதல்வகைப் பகிர்வு. அளப்பதற்கு மட்டும் இது போதும்.

1981-இல் அமெரிக்காவில் 'மோசிஸ்' என்னும் சேவை தோன்றியது. பல பல்கலைக்கழகங்கள் வரைந்த மின்சுற்றுகளை ஒரே சிலிக்கன் தகட்டில் அடுத்தடுத்துப் பதித்துத் தயாரித்து, அவரவர் சில்லை அவரவருக்கு அனுப்பினார்கள். செலவும் பங்கிடப்பட்டது. இது இரண்டாம் வகை. செய்முறை முன்பே முடிவாகியிருந்து, வரைபடம் மட்டும் மாறுமானால் இதுவும் போதும்.

ஆனால் செய்முறையே புதிதாக இருந்தால்? ஒரு புதிய பொருளைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியுணர் பூச்சைப் பூசுதல், உருவைப் பதித்தல், கழுவுதல், அரித்தெடுத்தல், உலோகம் படியச் செய்தல் என்று பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம், எவ்வளவு வெப்பம் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான்காம் படியில் தோன்றிய பிழை பத்தாம் படியில்தான் தெரியும். இதை அஞ்சலில் அனுப்பிப் பெற இயலாது. ஆராய்ச்சியாளரே நேரில் சென்று தம் கையால் செய்து, தவறி, மீண்டும் செய்து பழக வேண்டும். இது மூன்றாம் வகை. மூன்றிலும் கடினமானது இதுவே.

கார்னெல் காட்டிய வழி

இம்மூன்றாம் வகைக்கு முன்னோடி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். 1977-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியால், மைக்ரானிலும் சிறிய அமைப்புகளைச் செய்வதற்கான தேசியக் கூடம் அங்கு நிறுவப்பட்டது. வெளியார் எவரும் தகுதியான ஆய்வுத் திட்டத்துடன் வரலாம். பயிற்சி பெற்றபின் எந்திரங்களை அவர்களே இயக்கலாம். அங்குள்ள பொறியியலாளர்களின் தலையாய வேலை, வருவோருக்குக் கற்றுக் கொடுப்பதும் எந்திரங்களைப் பழுதின்றிக் காப்பதுமே. 1994-இல் இவ்வேற்பாடு ஐந்து பல்கலைக்கழகங்களின் வலைப்பின்னலாக விரிந்தது. 2004-லும் 2015-லும் மேலும் விரிவடைந்தது. 2015-இல் அமைந்த பின்னலில் 16 இடங்கள் இருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எந்திரங்களின் பட்டியலை அன்று. வெளியாரை விருந்தாளியாகக் கருதாமல், உரிமையுள்ள பயனாளராகக் கருதிய மனப்பான்மையையே.

நம் நாட்டு முயற்சி

2006-இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் நானோ மின்னணுவியல் உயர்மையங்களை ஏற்படுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவற்றின் கதவுகளைப் பிற கல்வி நிலையங்களுக்கும் திறந்துவிட 'இந்திய நானோ மின்னணுவியல் பயனாளர் திட்டம்' வந்தது. முதலில் அறிமுகப் பயிலரங்கு, அடுத்துக் கைப்பயிற்சி, அதன்பின், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வுத் திட்டத்தைக் கூடத்திலேயே செய்து முடித்தல் என்று படிப்படியாக அமைத்தனர். 2021-இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் சென்னை, தில்லி, கரக்பூர், குவாஹாத்தி ஆகிய இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் சேர்ந்து, மையங்கள் ஆறாயின.

இது மிக நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. தூய அறையின் உடையை ஒருநாளும் அணிந்திராத ஆசிரியர்களையும் மாணவர்களையும் அது உள்ளே அழைத்துச் சென்றது. 'பார்த்துவிட்டுப் போங்கள்' என்னாமல் 'செய்து பாருங்கள்' என்றது. இதைப் பாராட்டியே மேலே செல்ல வேண்டும்.

குறைகள் எவை?

முதற்குறை, பயனை அளக்கும் முறையில் உள்ளது. எத்தனை பயிலரங்குகள் நடந்தன, எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற எண்ணிக்கையே இத்தகைய திட்டங்களில் முன்னே நிற்கிறது. பத்து நாள் பயிற்சி, நீச்சல் கற்க விரும்புவோர் குளத்தில் ஒருமுறை கால் நனைப்பது போன்றது. நல்ல சாதனம் ஒன்று உருவாக, அதே ஆராய்ச்சியாளர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஐந்தாம் முறையும் திரும்பி வர வேண்டும். ஆகவே 'எத்தனை பேர் வந்தார்கள்?' என்பதைவிட, 'எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?' என்பதே சரியான அளவுகோல்.

இரண்டாங்குறை, மனிதரைப் பற்றியது. எந்திரம் வாங்க நிதி கிடைப்பது போல, அதை இயக்குவோரை நிலையாக வைத்துக்கொள்ள நிதி கிடைப்பதில்லை. நம் நாட்டில் திட்ட நிதியில் நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் தற்காலிகப் பணியாளரே. ஓர் எந்திரத்தின் குணம் ஓராண்டு பழகினால்தான் பிடிபடும். பழகியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், அந்த அறிவும் அவருடன் போய்விடும். உள்ளூர் மாணவர் அண்டை அறை நண்பரைக் கேட்டுச் சமாளித்துக்கொள்வார். வெளியூரிலிருந்து ஒரு வாரத்திற்கு வந்தவர் யாரைக் கேட்பார்?

மூன்றாங்குறை சற்று நுட்பமானது. தூய அறைக்கு வெளியார் கொண்டுவரும் புதுப்பொருள் உண்மையிலேயே ஆபத்தாகலாம். 1960-களில் டிரான்சிஸ்டர்களின் இயல்பு நிலையின்றி மாறிக்கொண்டிருந்ததற்கு ஆக்சைடுப் படலத்தில் கலந்த சோடியமே காரணம் என்று கண்டறிந்தனர். மனித வியர்வையின் உப்பிலேயே சோடியம் உண்டு. தங்கம் சிறிதளவு உலையில் கலந்தாலும், பின்னர் அதே உலையில் இடப்படும் சிலிக்கன் தகடுகளில் புகுந்து மின்னூட்டங்களை விழுங்கிவிடும். ஆகவே 'இப்பொருள் இந்த எந்திரத்திற்குள் கூடாது' என்று காவலர் சொல்வது பிடிவாதமன்று. ஆனால் புதுப்பொருள் ஆராய்ச்சியே வெளியூர்க் கல்லூரிகளில் மிகுதி. தூய்மைக்கென ஒரு தொகுதியும், புதுப்பொருள்களுக்கென மற்றொரு தொகுதியும் போதிய அளவில் இல்லாத கூடத்தில், கதவு திறந்திருந்தும் வழி அடைத்தே இருக்கும்.

நான்காங்குறை, கூடங்களைச் சார்ந்ததன்று. நம் கல்லூரிகளைச் சார்ந்தது. வாரம் முழுதும் வகுப்பு எடுக்கும் விரிவுரையாளருக்கு மூன்று வாரம் தொடர்ந்து பெங்களூரில் தங்க யார் விடுப்பு அளிப்பார்? செய்து எடுத்துவந்த சாதனத்தை ஊரில் சோதித்துப் பார்க்க, எளிய மின்முனை மேடையும் அளவுகருவியும் வேண்டாவா? அவை இல்லையானால், ஒவ்வொரு சிறு சோதனைக்கும் இரயில் ஏற வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

நம் ஏரிப்பாசனத்தை எண்ணிப் பாருங்கள். ஏரி நிறைந்திருந்தால் மட்டும் எல்லா வயலும் விளைந்துவிடாது. மடையைத் திறந்து, முறைவைத்து, கடைமடை வயலுக்கும் நீர் சேர்க்க நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரே கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. தலைமடைக்காரர் தானாக நிறுத்திக்கொள்வார் என்று எவரும் நம்பவில்லை. பொது ஆய்வுக்கூடத்திற்கும் அத்தகையவரே தேவை. நிலையான ஊதியமும் பதவி உயர்வும் உடைய பொறியியலாளர்கள் வேண்டும். அவர்களுடைய திறமை, வெளியார் செய்து முடித்த வேலையைக் கொண்டு மதிப்பிடப்பட வேண்டும்.

இதனுடன், எந்திர நேரத்தில் ஒரு பங்கை வெளியாருக்கென்றே ஒதுக்கி, அதை வெளிப்படையாக அறிவிக்கலாம். மறுமுறை வருவோரின் பயணத்திற்கென நிதி வைக்கலாம். கல்லூரிகள் இவ்வாராய்ச்சி நாட்களைப் பணிநாட்களாகவே கணக்கிடலாம். இவற்றிற்கு ஆகும் செலவு, புதிய எந்திரம் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று.

இனி, புதிய ஆய்வுக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, அதன் பரப்பையும் கோடிகளையும் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர் அங்கே தம் வேலையை முடித்துத் திரும்பினாரா என்றும் கேளுங்கள். மக்கள் வரிப்பணத்தில் கட்டிய கூடத்தைப் பற்றி இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.