அளவைகளும் ஆண்டவனும்

கி.பி. 866-ஆம் ஆண்டு. முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதைச் சார்ந்து ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது அன்று கல்விக்கூடத்தின் பெயர். அங்கே 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம் இருந்தது. சேர வருகிறவர் இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் அறிந்திருக்க வேண்டும் என்று மன்னனின் செப்பேடு விதிக்கிறது. மீமாம்சையோ, உலகைப் படைக்க ஒரு கடவுள் வேண்டியதில்லை என்று வாதாடிய சாத்திரம். பெருமாள் கோயில் சோற்றை உண்டு படிக்க வந்தவர்களிடம் அந்தப் பயிற்சியைத்தான் எதிர்பார்த்தார்கள்!

கடவுளை நம்பச் சான்று வேண்டுமா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறோம். அப்படிச் சுளிக்க நம் மரபு நமக்குக் கற்றுத் தரவில்லை.

அளக்கும் கோல்கள்

சான்றை நம் முன்னோர் ‘அளவை’ என்றார்கள். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். தோவாளைப் பூச்சரத்தை முழத்தால் அளக்கிறோம். பொருளுக்கு ஏற்ற அளவை எது என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி. வஞ்சி மாநகரில் சமயவாதிகளைத் தேடிச் செல்லும் மணிமேகலை முதலில் காண்பது அளவைவாதியை. அவன் பத்து அளவைகளை விரித்துரைக்கிறான். பிற்காலத்தில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞானசித்தியாரில் அந்தப் பத்தையும் காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல்வழி அறிவது) என்ற மூன்றுக்குள் அடக்கினார். உலகாயதருக்குக் காண்டல் ஒன்றே போதும். பௌத்தர் காண்டலோடு கருதலையும் கொண்டார்கள்.

கருதலை முழுவதும் நம்பியவர்கள் நியாய நூலார். குடம் இருந்தால் குயவன் இருப்பான், உலகம் இருப்பதால் அதைச் செய்தவனும் இருப்பான் என்ற வழியில் உதயனர் பத்தாம் நூற்றாண்டில் நியாயகுசுமாஞ்சலியை எழுதினார். மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் இந்த வழியைத்தான் தொடங்குகிறார்: தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகுக்கு ஒரு முதல்வன் வேண்டும். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஒன்பதாம் சூத்திரத்துக்கு வரும்போது, இறைவனை ஞானக் கண்ணால் தேடச் சொல்கிறார். கருதல் வாசல்வரை கூட்டிக்கொண்டு போகும். உள்ளே நுழைய அருள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிபு.

இராமானுசர் இன்னும் கறாரானவர். இறைவனைக் கருதலால் நிறுவ முடியாது, சாத்திரமே அதற்கு அளவை என்பது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் நிலை. சுசீந்திரம் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பலர் கைபட்டு எழுந்தது. அப்படியானால் உலகையும் பலர் கூடிச் செய்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் குடமும் குயவனும் விடை சொல்ல முடியாது. பெரும் பக்தர் ஒருவரே கடவுளுக்கான தருக்கச் சான்றை மறுத்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சிதறால் மலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்கள் படைப்புக் கடவுளையே ஏற்காதவர்கள். அவர்களுடைய நீலகேசி, ஊர் ஊராகப் போய் வாதிடும் ஒரு பெண்ணைக் காப்பியத் தலைவி ஆக்கியது.

கைமுக்கு

அளவை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் முற்காலத்தில் கைமுக்கு என்ற வழக்கம் இருந்தது. ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. மனிதர் விசாரித்து முடிவு செய்ய வேண்டிய வழக்கில் கடவுளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். வெந்தது மனிதக் கை. சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. அதனால் தாணுமாலயன் சன்னிதியில் பக்தி குறைந்துவிடவில்லை. கொடுமை ஒழிந்தது, நம்பிக்கை நின்றது.

இரு சிறைகள்

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை உடைமைகளை இழந்து கலங்கியிருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். யோபுவின் நண்பர்கள் அவன் துன்பத்துக்குக் காரணங்களை அடுக்கினார்கள். எந்தக் காரணமும் அவனைத் தேற்றவில்லை. அந்தக் கதை பிள்ளையைத் தொட்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறைப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1907-இல் பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, பகத்சிங் தம் நாத்திகத்துக்குக் காரணம் சொல்லி எழுதிய கட்டுரையைத் தமிழாக்கினார், அதற்காகக் கைதானார். அதே ஜீவாதான் கம்பனை மேடைதோறும் உருகி உருகிப் பேசியவர்.

ஒருவர் நம்பியதற்காக, மற்றவர் மறுத்ததற்காகச் சிறை கண்டார்கள். இருவரிடமும் அதிகாரம் சான்று கேட்கவில்லை, பணியத்தான் சொன்னது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. விடியற்காலையில் கண்மூடிக் கைகூப்பி நிற்கும் தாயிடம் சான்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அவள் அளவை அவளுடைய வாழ்க்கை. ஆனால் கடவுளின் பெயரைச் சொல்லி இன்னொருவரின் கையை நெய்ச்சட்டிக்கு இழுப்பவர் எவரானாலும் அவரிடம் சான்று கேட்டே ஆக வேண்டும். நம்பிக்கை தனக்குள் நிற்கும்வரை அதற்குச் சான்று வேண்டாம்; பிறர்மேல் கை வைக்கும் கணத்திலிருந்து வேண்டும்.

பிள்ளைகள் கேட்கட்டும். 95 பேர் கூடிக் கேள்வி கற்ற மண் இது.