தாலித் தங்கமும் மாதம் ஆயிரமும்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர், சுயமரியாதை இயக்கத்துக்காரர். அவர் பெயரில் 1989இல் தமிழக அரசு தொடங்கியது திருமண நிதியுதவித் திட்டம். பிற்பாடு அதில் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் சேர்ந்தது. (யாருக்கும் உறுத்தவில்லை போலும்.) பத்தாம் வகுப்பு படித்திருந்தால் 25,000 ரூபாய், பட்டம் பெற்றிருந்தால் 50,000. படிப்பு அங்கே கல்யாணத்துக்கான தகுதிச் சான்று.

2022இல் அதையே 'புதுமைப்பெண்' என்று மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் ஆயிரம் என்றாக்கியதைப் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன். பணம் அவள் கணக்குக்கே வருகிறது. ஏடிஎம் அட்டை யாரிடம் என்று என் வகுப்பில் கேட்டால், அப்பாவிடம், அண்ணனிடம் என்று பதில் வருகிறது.

ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அந்த ஆயிரம். அதற்கு முன்னால் விண்ணப்பக் கட்டணம், சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் அலைச்சல், விடுதி முன்பணம் எல்லாம் அவள் பாடு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு எந்த உதவித்தொகைக்கு எங்கே போய் நிற்பது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. பெரும்பாலும் சொல்லித் தருபவள் போன வருடம் சேர்ந்த அடுத்த தெரு அக்கா. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடவே வருகிறவளும் அவள்தான். அந்த அக்காவுக்குத் திட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லை. விடுதியில் இடம் கிடைக்கவில்லை, தினம் மூன்று பஸ் மாறிப் போய்வர முடியாது என்பதற்காகவே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே அந்தப் பெண் கேட்பது விடுதியில் ஒரு இடம்.