மிதவையும் குதிரையும்: நாஞ்சில் நாடனின் பம்பாய்

இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்ந்தால் மனம் விரியும் என்று நம் விழா மேடைகளில் எல்லோரும் சொல்கிறோம். உண்மைதானா? இந்நகரிலேயே 17 ஆண்டுகள் வாழ்ந்த நாஞ்சில் நாடனின் நாவல்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலத்தில் 1947-இல் பிறந்தவர் அவர். கணிதம் படித்துவிட்டு 1972-இல் பிழைப்புக்காகப் பம்பாய் வந்தார். 1989-இல் கோவைக்குப் போனார். இங்கே இருந்த காலத்தில் வெளிவந்த முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' (1977). ஆனால் அதன் களம் பம்பாய் அன்று, நாஞ்சில் நாடு! வரதட்சணையும் சாதிப் பெருமையும் ஒரு படித்த ஏழைப் பையனை என்ன பாடு படுத்துகின்றன என்பதே கதை. ஊருக்குள்ளேயே இருந்தால் பழகிப்போகும் விஷயங்கள் தூரத்தில் நின்றால் உறுத்தும். புலம்பெயர்வு தரும் முதல் வளர்ச்சி இந்தப் பார்வைதான் எனலாம்.

'மிதவை' (1986) நாவலில்தான் நகரம் முழுதாக வருகிறது. வேலை தேடி வந்த சண்முகம் நீரோட்டம் தள்ளும் திசையில் போகிறான். வந்து சேர்ந்ததாலேயே யாரும் வளர்ந்துவிடுவதில்லை என்பதை ஆசிரியர் பூச்சின்றிச் சொல்கிறார். 'சதுரங்கக் குதிரை'யின் (1993) நாராயணனோ திருமணமின்றி வயது கடந்தவன். ஊருக்குப் போனால் "எப்ப வந்தே? எப்ப போவே?" என்ற கேள்வி, இங்கேயும் ஒட்டுதல் இல்லை. லீவில் ஊருக்குப் போய்வரும் நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி தெரிந்ததுதானே!

எனினும் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. இவ்விரு நாவல்களிலும் நாயகனின் தனிமையே மையம். பக்கத்து வீட்டு மராத்தியருக்கு நாம் யார் என்ற கேள்வி அழுத்தம் பெறவில்லை. இவ்விடத்தில் அம்பையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவருடைய 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) நூலில் துப்பறிபவள் சுதா குப்தா. அவளோடு சேர்ந்து இயங்கும் போலீஸ் அதிகாரி கோவிந்த் ஷெல்கே. அங்கே மும்பை அந்நிய ஊர் அன்று. வேலையும் நட்பும் உள்ள சொந்த ஊர். நகரத்தோடு கொடுக்கல் வாங்கல் ஏற்பட்ட பிறகே மனிதர் வளர்கிறார் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

செம்பூரில் நம்ம பிள்ளைகளுக்கு மராத்தியும் இந்தியும் சரளம். வீட்டில் தமிழும் பேசுகிறார்கள். ஆனால் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரும்? கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கொடுக்கல் வாங்கல் ஏது? சண்முகமும் நாராயணனும் அவர்களுடைய தாத்தாக்களின் கதை. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போகும் அக்கறையோடு, வாரம் இரண்டு பக்கமாவது பெற்றோர் உரக்க வாசித்துக் காட்டினால் போதும். நாஞ்சில் வட்டார வழக்கு முதலில் புரியாதுதான். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று பிள்ளை கேட்டால், சொல்லிக் கொடுக்க நமக்கும் ஒரு வாய்ப்பு.